கிட்னி பிரச்சினை என்றால் எந்தப் பிரச்சினை?

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நான் அரசு மருத்துவமனை ஒன்றில் உணவு ஆலோசகராக வேலை பார்க்கிறேன். "சத்தான உணவு" பற்றிப் பேசச் சொன்னார்கள். அதில் உங்களுக்கு நான் சொல்லித்தர என்ன இருக்கிறது? கேழ்வரகு மாவு, சத்துமாவு, முருங்கைக்கீரைப் பொடி எல்லாம் நீங்களே செய்து விற்கிறீர்கள். அந்தச் சத்தான உணவே யாருக்கு ஆகாது என்று பேசலாம் என்றுதான் வந்தேன்.

எங்கள் வார்டில் ஒருவர் இருந்தார். லோடு ஆட்டோ ஓட்டுபவர், வயது 45, பத்து வருஷமாகச் சர்க்கரை. இரண்டு சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸில் இருந்தார். அவர் மனைவி உங்களைப் போலக் குழுவில் இருப்பவர்தான். டயாலிசிஸ் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் நடந்துவிடும். பஸ் செலவுக்கும் ஓடாத வண்டியின் தவணைக்கும் அந்த அம்மா இரண்டு உள்கடன் வாங்கியிருந்தார். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் கையில் இளநீர் கொண்டுவந்தார்கள். "சூடு தணியும், மூத்திரம் நல்லாப் போகும்" என்று பாசமாகக் கொடுத்தார்கள். மறுநாள் அவருக்குக் கை கால் துவண்டுவிட்டது, நாடித் துடிப்பு குறைந்துகொண்டே வந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அவசர டயாலிசிஸ் செய்துதான் காப்பாற்றினார்கள்.

வந்தவர்களைக் குறை சொல்ல முடியாது. நம் ஊரில் கிட்னி என்றதும் இளநீர், வாழைத்தண்டுச் சாறு, நிறையத் தண்ணீர் என்றுதான் வாயில் வரும். அது சிறுநீரகக் கல்லுக்குச் சொல்கிற பேச்சு. கல் இருப்பவரை நிறையத் தண்ணீர் குடிக்கச் சொல்லி டாக்டரும் சொல்வார். செயலிழப்பு வேறு நோய். அங்கே ரத்தத்தைச் சுத்தம் செய்கிற வேலையே நின்றுபோய்க்கொண்டிருக்கிறது. இரண்டையும் "கிட்னி பிரச்சினை" என்று ஒரே பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் வம்பு. இனிமேல் யாராவது அப்படிச் சொன்னால் முதலில் கேளுங்கள்: கல்லா, செயலிழப்பா? டயாலிசிஸ் நடக்குதா? அதற்கப்புறம் பழக்கடைக்குப் போகலாம்.

நம் சிறுநீரகம் ஒரு நாளைக்குச் சுமார் 180 லிட்டர் வடிகட்டுகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவுக்குத்தான் சிறுநீராக வெளியே விடுகிறது, மீதியைத் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிடுகிறது. சாப்பாட்டில் வருகிற பொட்டாசியத்தில் மிஞ்சியதை வெளியே தள்ளுவதும் அதன் வேலைதான். ரிப்போர்ட்டில் பொட்டாசியம் 3.5-லிருந்து 5-க்குள் இருக்க வேண்டும். அதிகமாக ஏறினால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றே போகலாம். வலி, காய்ச்சல் என்று முன்கூட்டிச் சொல்லிவிட்டு வராது.

இளநீர், வாழைப்பழம், சாத்துக்குடி, கீரை, உருளைக்கிழங்கு, சேனை, சர்க்கரைவள்ளி, தக்காளி எல்லாவற்றிலும் பொட்டாசியம் அதிகம். சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய், முட்டைக்கோஸில் குறைவு. பழத்தில் ஆப்பிள், பேரிக்காய், அன்னாசித் துண்டு கொஞ்சமாகக் கொடுக்கலாம். காயைத் தோல் சீவி, சின்னதாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தாளித்தால் பொட்டாசியம் நன்றாகக் குறையும். அந்தத் தண்ணீரைக் கொட்ட நமக்கு மனசு வராது, சத்தெல்லாம் போகுதேன்னு ரசத்துல ஊத்திடுவோம். போகணும்மா, அதுக்குத்தான் கொட்டுறதே.

ஆனால் இதைக் கேட்டுவிட்டு, கிரியாட்டினின் கொஞ்சம் கூடியிருக்கிற ஆரம்ப நிலை ஆளுக்கு இன்றைக்கே கீரையையும் பழத்தையும் நிறுத்திவிடாதீர்கள். பொட்டாசியம் சரியாக இருப்பவருக்கு அவை வேண்டியவைதான். ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் சாப்பாடு. ஒன்றே ஒன்றை மட்டும் எந்த நிலையிலும் தொட வேண்டாம் என்பேன்: நட்சத்திரப் பழம். குறுக்கே வெட்டினால் ஐந்து முனையோடு வருமே, அது. அதில் உள்ள நச்சைச் செயலிழந்த சிறுநீரகத்தால் வெளியேற்ற முடியாது. நிற்காத விக்கல், புத்தி தடுமாற்றம், வலிப்பு வரைக்கும் கொண்டுபோய்விடும்.

அடுத்தது உப்பு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஒரு டீஸ்பூன் அளவு. கணக்குப் புத்தகம் எழுதுகிற உங்களுக்கு ஒரு கணக்கு. நாலு பேர் வீட்டில் ஒரு கிலோ உப்பு எத்தனை நாள் வர வேண்டும்? ஐம்பது நாள். எத்தனை வீட்டில் வருகிறது? அதுவும் ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர்மிளகாய், பாக்கெட் சிப்ஸ் எதையும் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை.

இந்துப்பு கிட்னிக்கு நல்லது என்று யாரோ சொல்லி, எங்களிடம் வருகிற பாதிப் பேர் அதைத்தான் வாங்குகிறார்கள். இந்துப்பிலும் இருப்பது பெரும்பாலும் அதே சோடியம் குளோரைடுதான். விலைதான் அதிகம். அதைவிட ஆபத்து, கடையில் "சோடியம் குறைந்த உப்பு" என்று விற்பது. சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியத்தைச் சேர்த்திருப்பார்கள். பிரஷருக்கு நல்லது என்று வாங்கிவந்து சிறுநீரக நோயாளிக்குப் போட்டால், இளநீர்க் கதைதான் மறுபடியும்.

பருப்பு, முட்டை, கறி, மீன் விஷயத்தில்தான் குடும்பங்கள் ரொம்பக் குழம்பிப்போகின்றன. டயாலிசிஸுக்கு முந்தைய நிலையில் புரதத்தைக் குறைக்கச் சொல்வோம். 50 கிலோ எடை உள்ளவருக்கு 30-லிருந்து 40 கிராம் போதும். டயாலிசிஸ் தொடங்கியதும் அதே ஆளுக்கு 50-லிருந்து 60 கிராம் வேண்டும், ஏனென்றால் டயாலிசிஸில் புரதமும் கொஞ்சம் கழிந்துபோகிறது. பழைய பேச்சையே பிடித்துக்கொண்டு "முட்டையே கூடாதுன்னு அன்னைக்குச் சொன்னாங்களே" என்று கஞ்சியும் ரசமுமாகக் கொடுத்து, ஆள் எலும்பும் தோலுமாகிவிடுகிறார். ஒரு முட்டை வெள்ளைக் கருவில் மூன்றரை கிராம் புரதம், பாஸ்பரஸ் ரொம்பக் குறைவு. டயாலிசிஸ் நோயாளிக்கு அது நல்ல துணை. பாஸ்பரஸுக்கென்று டாக்டர் கொடுக்கும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்து விழுங்க வேண்டும். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழித்துப் போட்டால் சாப்பாட்டில் உள்ள பாஸ்பரஸ் அதற்குள் ரத்தத்தில் சேர்ந்திருக்கும்.

தண்ணீர் எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். சொன்ன அளவைக் காலையில் ஒரு பாட்டிலில் ஊற்றி வைத்துவிடுங்கள். காபி, மோர், ரசம், கஞ்சி குடிக்கும்போது அந்த அளவுத் தண்ணீரைப் பாட்டிலிலிருந்து எடுத்துவிடுங்கள். சாயங்காலம் எவ்வளவு மிச்சம் என்று கண்ணுக்குத் தெரியும்.

இவ்வளவு நேரம் வீட்டுக்காரருக்கு, மாமனாருக்கு என்று நினைத்துக் கேட்டிருப்பீர்கள். நோயாளி நீங்களாக இருந்தால்? என்னிடம் வருகிற ஆண்களுக்கு மனைவி தனியாகச் சமைத்துக் கொண்டுவருகிறார். பெண்களைக் கேட்டால், "எனக்குன்னு தனியாவா சமைக்க முடியும், இருக்கறதைச் சாப்பிட்டுக்குவேன்" என்கிறார்கள். நேற்றைய புளிக்குழம்பும் தொட்டுக்க ஊறுகாயும்தான் அந்த "இருக்கறது". தனி அடுப்பு வேண்டாம். குழம்பில் உப்புப் போடுவதற்கு முன்னால் உங்கள் பங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். எலுமிச்சை, பூண்டு, மல்லித்தழை, மிளகு இருந்தால் நாக்கு ரெண்டு வாரத்தில் பழகிவிடும்.

சர்க்கரையோ பிரஷரோ உள்ளவர்கள் வருஷத்துக்கு ஒரு தடவையாவது ரத்தத்தில் கிரியாட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள். கால் வீங்குகிற வரைக்கும் காத்திருந்தால் பாதிக்கு மேல் போயிருக்கும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற தன்னார்வலர்கள் நம் குழுப் பெண்கள்தானே, அவர்களைக் கேளுங்கள். மூட்டு வலிக்குக் கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிப் போடுவதையும் விடுங்கள். சிறுநீரகத்துக்கு அதுவும் ஒரு எமன்.

பள்ளியில் காலை உணவு சமைக்கிற தங்கைகளுக்கும் தின்பண்டம் தயாரிக்கிற குழுக்களுக்கும் இன்னொரு விஷயம். சில குழந்தைகளுக்கு நிலக்கடலை, முட்டை, பால், கோதுமை, எள், இறால் என்று ஏதாவது ஒன்று ஒவ்வாமையாக இருக்கும். அது செல்லம் கொஞ்சுவதோ சாப்பிட அடம் பிடிப்பதோ இல்லை. "கொஞ்சம் கொடுத்துப் பழக்கினா சரியாயிடும்" என்று நாமாகக் கொடுத்துப் பார்க்கவே கூடாது. கடலைச் சட்னி எடுத்த கரண்டியை அந்தக் குழந்தையின் தட்டில் வைப்பதே போதும். வேகவைத்தாலும் வறுத்தாலும் கடலையின் ஒவ்வாமை போகாது. சாப்பிட்டதும் உடம்பெல்லாம் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, அதோடு மூச்சுத் திணறல் வந்தால் மோர் கொடுத்துப் பார்ப்போம் என்று நிற்காமல் உடனே 108. மூச்சு வாங்கினால் உட்கார்ந்தபடி, மயக்கமாக இருந்தால் படுக்க வைத்துக் காலை உயர்த்தி வையுங்கள். எழுப்பி நடக்க வைக்காதீர்கள். கடலை மிட்டாய், சத்துமாவு பாக்கெட்டில் நிலக்கடலை, முந்திரி, கோதுமை, பால் இருந்தால் அதைத் தெரிகிற மாதிரி அச்சடிக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி கட்டாயம். அடுத்த தடவை லேபிள் அடிக்கும்போது ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது, தலைவி அம்மா மணியைப் பார்க்கிறார். ரத்த ரிப்போர்ட் கையோடு கொண்டுவந்தவர்கள் சாப்பிட்டதும் ஜன்னல் ஓர மேஜைக்கு வாங்க, சாயங்காலம் 4 மணி வரைக்கும் இருப்பேன். ரிப்போர்ட் இல்லாமல் "எங்க மாமாவுக்கு கிட்னி பிரச்சினை" என்று மட்டும் வருபவர்களிடம் நான் முதலில் என்ன கேட்பேன் என்று உங்களுக்கே தெரியும்.