வாடகை மென்பொருளா, சொந்த மென்பொருளா?

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம்ம உறுப்பினர்கள் நெய்யற புடவைகளையும் வாங்கி விக்கிற புடவைகளையும் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட, கூட்டமைப்பு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருக்கு. அந்தப் படங்களைச் சரி செய்ய என்ன மென்பொருள் போடறது? மாசாமாசம் பணம் கட்டறதா, ஒரே தடவை பணம் கட்டி வாங்கறதா? அடுத்த கூட்டத்தில் இதுக்குத் தீர்மானம் போடணும். செலவாகப் போறது நம்ம எல்லாருடைய பணம். நான் குழுக்கடன் வாங்கி இதே வேலையைத்தான் செஞ்சிட்டு வர்றேன். அதனால் எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லச் சொன்னாங்க.

முதலில், படத்தை எதுக்குச் சரி செய்யணும்னு சில அக்காமார் கேக்கறாங்க. பட்டுப் புடவையின் நிறம் கேமராவுக்கு எளிதில் பிடிபடாது. அரக்குப் புடவையை ட்யூப்லைட்டு வெளிச்சத்தில் எடுத்தா வேற சிவப்பா விழும். மயில் கழுத்து நிறம்னா பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம். புடவையைத் திருப்பத் திருப்ப மாறும். ஜரிகை பளிச்சுன்னு வெள்ளையா அடிச்சிடும். கோயம்புத்தூரில் படத்தைப் பார்த்து வாங்கினவங்க, கையில வந்த புடவை வேற நிறம்னு திருப்பி அனுப்பினா, போக்குவரத்துச் செலவும் நமக்கு, கெட்ட பேரும் நமக்கு. அதனால் நிறத்தைச் சரி பண்ணணும், பின்னாடி தெரியற சுவரை நீக்கணும், அளவா வெட்டணும். நம்ம வேலையில் பெரும்பகுதி இவ்வளவுதான். இதை மனசில் வெச்சுக்கிட்டு மேலே கேளுங்க.

நம்மகிட்ட விசேஷத்துக்கு வாடகைக்கு விடற பாத்திரங்கள் இருக்கு. வருஷத்துக்கு ஒரு கல்யாணம் பண்ற வீட்டுக்காரங்க அண்டா வாங்க மாட்டாங்க, வாடகைக்கு எடுப்பாங்க. சமையல் தொழில் பண்றவங்க சொந்தமா வாங்குவாங்க. மென்பொருள் கணக்கும் ஏறத்தாழ இதே கணக்குத்தான். ஒரே ஒரு வித்தியாசம் உண்டு. வாடகை அண்டாவைத் திருப்பிக் கொடுத்தாலும் அதில் வடிச்ச சோறு நம்ம இலையில் இருக்கும். மென்பொருளில் அப்படி இருக்குமான்னு கேட்டுத்தான் எடுக்கணும்.

இந்த மாத வாடகை எப்போ வந்தது? போட்டோஷாப் வெளிவந்தது 1990இல். அது அடோபி என்ற அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள். ஸ்டுடியோக்காரங்க ஒரு தடவை பணம் கட்டி வாங்குவாங்க, வருஷக்கணக்கா வெச்சுப்பாங்க. 2013 மே மாதம் அந்த நிறுவனம் இனிமே புதுப் பதிப்பெல்லாம் சந்தாவில் மட்டும்தான்னு அறிவிச்சது. அதுக்கு முந்தின வருஷம் வந்த சிஎஸ்6 தான் சொந்தமா வாங்கக்கூடிய கடைசிப் போட்டோஷாப். நிறம் திருத்த நிறையப் பேர் வெச்சிருக்கிற லைட்ரூமும் அப்படித்தான். 2015இல் வந்த லைட்ரூம் 6 தான் ஒரே விலைக்குக் கிடைச்ச கடைசிப் பதிப்பு. அதுக்கும் 2017 டிசம்பரோடு புதுத் திருத்தங்கள் நின்னு போச்சு. அதை வாங்கினவங்ககிட்ட மென்பொருள் இருந்தது. ஆனா அதுக்கப்புறம் வந்த புதுக் கேமராவின் மூலக்கோப்புகளை அது திறக்காது.

இதில் ரெண்டு பக்கமும் பாடம் இருக்கு. வாடகைக்கு எடுத்தா எப்பவும் புதுசு, ஆனா கட்டறதை நிறுத்தினா கதவு சாத்திடும். லைட்ரூம் கிளாசிக்கில் சந்தா முடிஞ்சாலும் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுத்துக்கலாம். ஆனா திருத்தற பகுதி பூட்டிடும். சொந்தமா வாங்கினா கதவு சாத்தாது, ஆனா வீடு பழசாகும்.

“ஒரே தடவை பணம்”னு எழுதியிருந்தாலும் முழுசாப் படிங்க. போட்டோஷாப் எலிமெண்ட்ஸ்னு ஒண்ணு, முன்னாடி ஒரு தடவை வாங்கினா காலம் பூரா உங்களுது. 2024 கடைசியில் வந்த 2025 பதிப்பிலிருந்து அதுக்கு மூணு வருஷ உரிமம்தான். பணம் கட்டறது ஒரு தடவை, ஆனா மூணு வருஷத்தில் முடிஞ்சிடும். அதனால் “ஒரு தடவையா?”ன்னு கேட்டா மட்டும் போதாது, “எத்தனை நாளுக்கு?”ன்னும் கேக்கணும்.

இப்போ கணக்குக்கு வருவோம். விலை மாறிக்கிட்டே இருக்கும், அதனால் புரியறதுக்காக ஒரு தொகை வெச்சுக்கறேன். மாத வாடகை 800 ரூபாய். சொந்தமா வாங்க 6,000 ரூபாய். ஏழு மாசம் வாடகை கட்டினா 5,600 ஆகும். எட்டாவது மாசம் 6,400. எட்டாவது மாசத்தில் வாடகை சொந்த விலையைத் தாண்டிடுது. ஒரு வருஷத்துக்கு 9,600. மூணு வருஷத்துக்கு 28,800. மூணு வருஷத்துக்கு அப்புறம் வாடகைக்காரர் கையில் மென்பொருள் இருக்காது.

இன்னொரு கணக்கும் போடணும். ஒரு புடவைக்குப் படம் சரி செய்ய 40 ரூபாய் கூலின்னு வெச்சுக்குங்க. 800 ரூபாய் வாடகைக்கு 20 புடவை. அந்த மாசம் இருபது புடவை முடிச்ச பிறகுதான் என் கூலி ஆரம்பிக்குது. தையில், வைகாசியில், ஆவணியில் இருபது புடவை ஒரு பொருட்டே இல்லை. ஆனா ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. படம் கேட்டு வர்றவங்க குறைவு. ஆடின்னு வாடகை குறையாது, மார்கழின்னு தள்ளிப் போகாது. நெசவு வீட்டில் பிறந்த நமக்கு, வேலை இல்லாத மாசத்தைக் கணக்கில் சேர்க்கணும்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

“அப்போ வேலை இருக்கிற மூணு மாசம் மட்டும் வாடகைக்கு எடுக்கலாமே?”ன்னு கேப்பீங்க. நல்ல கேள்வி. எடுக்கலாம். ஆனா மாசாமாசம் கட்டறதில் ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு, நெசமாவே மாத வாடகை; எப்போ வேணும்னாலும் நிறுத்தலாம், அதுக்கு விலை கூட இருக்கும். இன்னொண்ணு வருஷ ஒப்பந்தம். பணத்தை மட்டும் மாசத் தவணையா கட்டறோம், பாதியில் விட்டா மீதிக்கு ஒரு தொகை கேப்பாங்க. பார்க்க ரெண்டும் ஒண்ணு மாதிரியே இருக்கும். பாதியில் நிறுத்தினா கட்ட வேண்டிய தொகையைத் தெளிவா காட்டலைன்னு சொல்லி, அமெரிக்காவின் மத்திய வர்த்தக ஆணையமே 2024 ஜூன் மாதம் அடோபி மேல வழக்குப் போட்டது. அந்த ஊர்க்காரங்களுக்கே குழப்பம் வருதுன்னா, போன் திரையில் பொடி எழுத்தில் படிக்கிற நாம இன்னும் கவனமா இருக்கணும்.

வாடகையும் வேணாம், விலையும் வேணாம்னா மூணாவது வழி ஒண்ணு இருக்கு. ஜிம்ப்னு ஒரு மென்பொருள். அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் படிச்ச ரெண்டு மாணவர்கள் ஆரம்பிச்சது, 1996இல் வெளிவந்தது. உலகம் முழுக்கப் பல பேர் சேர்ந்து வளர்த்துட்டு வர்றாங்க. 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வந்திருக்கு. காசு கிடையாது. அதோட யார் வேணும்னாலும் எத்தனை கம்ப்யூட்டரில் வேணும்னாலும் போட்டுக்கலாம். அதன் உரிமமே அதை அனுமதிக்குது. கேமராவின் மூலக்கோப்பைத் திருத்த டார்க்டேபிள்னு ஒண்ணு, அதுவும் இப்படித்தான். போனிலேயே வேலை முடிக்கிறவங்களுக்கு கூகுளின் ஸ்னாப்சீட் இலவசமா இருக்கு.

இதில் கஷ்டமும் இருக்கு, மறைக்க மாட்டேன். ஜிம்ப்பைக் கத்துக்க நாளாகும். போட்டோஷாப் பழகினவங்களுக்குக் கை தடுமாறும். ஆனா சொல்லித்தர ஆள் நம்ம பக்கத்திலேயே உண்டு. காஞ்சிபுரம் லினக்ஸ் பயனர் குழுன்னு ஒரு தன்னார்வக் குழு இருக்கு, இந்த மாதிரி கட்டற்ற மென்பொருள்களைப் பத்தித் தமிழிலேயே பேசறாங்க. ‘கணியம்’ என்ற மின்னிதழ் 2012இலிருந்து இதையெல்லாம் தமிழில் எழுதி இலவசமா வெளியிடுது. நம்ம பெண் பிள்ளைகள் கல்லூரியில் படிக்கிறாங்க, அவங்களை உட்கார வெச்சுப் படிக்கச் சொல்லலாம்.

இலவசத்திலும் ரெண்டு விதம் இருக்கு. அஃபினிட்டின்னு ஒரு மென்பொருள், ஒரே விலைக்கு விக்கறாங்கன்னே பேர் வாங்கினது. 2024இல் அதைக் கேன்வா நிறுவனம் வாங்கிடுச்சு. 2025 அக்டோபர் கடைசியில் புதுப் பதிப்பை இலவசமாக்கிட்டாங்க. கேன்வா கணக்கு வேணும், சில செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் சந்தா. நல்ல மென்பொருள், பயன்படுத்தலாம். ஆனா ஒரு நிறுவனம் இலவசமா கொடுக்கிறதை நாளைக்கு மாத்தற உரிமையும் அந்த நிறுவனத்துக்கு உண்டு. ஜிம்ப் அப்படி இல்லை, அதை யாரும் திருப்பி வாங்கிக்க முடியாது.

இன்னொண்ணும் சொல்லிடறேன். “அதெல்லாம் எதுக்கு, 200 ரூபாய்க்குக் கள்ளப் பதிப்பு போட்டுத் தர்றேன்”னு சொல்றவங்க எல்லா ஊரிலும் இருக்காங்க. அது சட்டப்படி தப்பு. அதோட, எவனோ உடைச்சுக் கொடுத்த கோப்பில் என்ன சேர்ந்து வருதுன்னு யாருக்கும் தெரியாது. நம்ம கம்ப்யூட்டரில்தான் வங்கிக் கணக்கும் பார்க்கிறோம், உறுப்பினர்களின் ஆதார் நகலும் இருக்கு. 200 ரூபாய்க்காக அதைப் பணயம் வைக்கக் கூடாது.

தானாகப் பணம் எடுக்கிற ஏற்பாட்டைப் பத்தியும் எல்லாரும் தெரிஞ்சுக்கணும், மென்பொருள் வாங்காதவங்களும்தான். ரிசர்வ் வங்கியின் விதி 2021 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் இருக்கு. கார்டிலிருந்தோ யுபிஐயிலிருந்தோ மாசாமாசம் தானா பணம் எடுக்கிறதுக்கு முன்னாடி, குறைஞ்சது 24 மணி நேரம் முன்னாலேயே உங்களுக்குத் தகவல் வரணும். 15,000 ரூபாய்க்கு உள்ளே இருந்தா ஓடிபி கேக்காமலேயே எடுத்துடுவாங்க. அதனால் அந்தக் குறுஞ்செய்தியை விளம்பரம்னு அழிச்சிடாதீங்க. யுபிஐ செயலிக்குள்ளே ‘ஆட்டோபே’ன்னு ஒரு இடம் இருக்கு, அங்க போய்ப் பார்த்து வேண்டாததை நிறுத்தலாம். செயலியை போனிலிருந்து நீக்கிட்டா மட்டும் சந்தா நிக்காது. இன்னைக்கு வீட்டுக்குப் போனதும் ஒரு தடவை பாருங்க.

கடைசியா, தீர்மானத்துக்கு என் யோசனைகளைச் சொல்றேன்.

ஒண்ணு. முதல் ஆறு மாசம் ஜிம்ப்பும் ஸ்னாப்சீட்டும் வெச்சு வேலை செய்வோம். எத்தனை புடவை வந்தது, எந்த வேலை இதில் முடியலைன்னு நோட்டில் குறிப்போம்.

ரெண்டு. முடியாத வேலை நிறைய இருந்தா, அதுக்கு மட்டும் காசு கொடுத்து வாங்குவோம். வருஷத்தில் எட்டு மாசத்துக்கு மேல பயன்படும்னா சொந்தமா கிடைக்கிறதைத் தேடுவோம். ரெண்டு மூணு மாசம்தான்னா, ஒப்பந்தம் இல்லாத மாத வாடகை.

மூணு. எதுவா இருந்தாலும் மின்னஞ்சல் முகவரியும் கணக்கும் கூட்டமைப்பு பேரில் இருக்கணும், ஒருத்தர் பேரில் இருக்கக் கூடாது. நிர்வாகிகள் மாறுவாங்க. பழைய பொருளாளரின் போனுக்கு ஓடிபி போய்க்கிட்டிருந்தா, மென்பொருளும் நமக்கு இல்லை, கணக்கும் நமக்கு இல்லை. எத்தனை பேர் பயன்படுத்த உரிமம் இருக்கு, புதுப்பிக்கிற தேதி என்ன, நிறுத்தற பொறுப்பு யாருக்கு, இது மூணும் தீர்மான நோட்டில் ஏறணும்.

நாலு. எடுத்த மூலப்படத்தையும், திருத்தி முடிச்ச படத்தை ஜேபெக் கோப்பாகவும் தனி ஹார்டு டிஸ்கில் வைக்கணும். அப்போதான் எந்த மென்பொருளை விட்டாலும் சோறு நம்ம இலையில் இருக்கும்.

நாம குழு ஆரம்பிச்சப்போ வாரச் சேமிப்பில் ஒரு ரூபாய் குறைஞ்சாலும் கேள்வி கேட்டோம். கண்ணுக்குத் தெரியாம கணக்கிலிருந்து போற மாசப் பணத்துக்கும் அதே கேள்வியைக் கேப்போம். வாடகை தப்பில்லை, சொந்தமா வாங்கறதும் தப்பில்லை. எத்தனை நாளுக்கு, எவ்வளவு வேலைக்கு, நிறுத்தினா என்ன மிஞ்சும்னு கேட்டுட்டுக் கையெழுத்துப் போடுவோம்.