மைனஸ் பூஜ்ஜியமும் மானாவாரி மழையும்

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வி. ஒரு எண் பிளஸ்ஸா மைனஸ்ஸா என்று கம்ப்யூட்டருக்கு எப்படித் தெரியும்? "பூஜ்ஜியத்தைவிடக் கம்மியான்னு கேட்டா முடிஞ்சது" என்பீங்க. அவ்வளவு லேசு இல்லை.

எங்க அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை பெய்தால்தான் கண்மாய் பெருகும். இந்திய வானிலை ஆய்வுத் துறை, வழக்கமான மழையைவிட எத்தனை சதவீதம் கூட, எத்தனை குறைவு என்று கணக்குச் சொல்லும். மைனஸ் 19 முதல் பிளஸ் 19 வரை 'இயல்பு'. மைனஸ் 20 முதல் மைனஸ் 59 வரை 'பற்றாக்குறை'. ஆக, எங்க ஊர்ல அந்த மைனஸுக்கு மதிப்பு ஜாஸ்தி.

இந்தக் கணக்குக்கு ஒரு புரோகிராம் எழுதுறோம்னு வச்சுக்குங்க. தசம எண்களைக் கம்ப்யூட்டர் 'ஃப்ளோட்டிங் பாயின்ட்' முறையில் வைக்கும். அதற்கான ஐஇஇஇ 754 தரநிலை வந்தது 1985-ல். எங்க விருதுநகர் மாவட்டம் பிறந்ததும் அதே வருஷம்தான்! 64 பிட்டில் முதல் பிட் குறிக்கு, 11 பிட் அடுக்குக்கு, மீதி 52 பிட் இலக்கங்களுக்கு.

குறிக்குத் தனி பிட் இருப்பதால் பூஜ்ஜியமே ரெண்டு. மைனஸ் 0.3-ஐ தசமம் இல்லாமல் அச்சிடச் சொன்னால், பைத்தான் 'மைனஸ் 0' என்று காட்டும். அந்த மைனஸ் பூஜ்ஜியத்தைப் பிடிச்சு "பூஜ்ஜியத்தைவிடக் கம்மியா?"ன்னு கேட்டால், "இல்லை, சமம்" என்றுதான் பதில் வரும். குறி தெரியணும்னா அந்த பிட்டையே பார்க்கணும். சி மொழியில் அதுக்கு 'சைன்பிட்', பைத்தானில் 'காப்பிசைன்'.

இதைவிடப் பெரிய ஆபத்து 'நேன்'. எண்ணே இல்லை என்று சொல்லும் மதிப்பு அது. ஒரு மழைமானியிலிருந்து அளவு வரலைன்னா, அந்த இடத்தில் பல நேரம் இதுதான் உட்கார்ந்திருக்கும். பூஜ்ஜியத்தைவிடக் கம்மியா? இல்லை. ஜாஸ்தியா? இல்லை. சமமா? அதுவும் இல்லை. "கம்மி இல்லைன்னா குறைவே இல்லை" என்று கோடு எழுதியிருந்தால், அளவே வராத ஊர் நல்லா மழை பெய்த ஊர் கணக்கில் போயிடும். அங்கே கண்மாய் காஞ்சு கிடக்கலாம்.

அதனால் வரிசை முக்கியம். முதல்ல நேனான்னு கேளுங்க. அப்புறம் கம்மியான்னு கேளுங்க. பூஜ்ஜியத்தின் குறியும் தேவைன்னா மட்டும் பிட்டைப் பாருங்க. பிளஸ், மைனஸ் மாதிரி 'தெரியலை' என்பதும் ஒரு பதில்தான். அதுக்கும் உங்க கோடில் ஒரு இடம் இருக்கட்டும்.

அடுத்த எபிசோடில் பார்ப்போம்.