எலும்பு மட்டுமா முழங்கால்?



இற்றைக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு முன், ஆசிரியனாக இருந்த நான் செய்த ஒரு பிழையைச் சொல்லி என் பேச்சைத் தொடங்குகிறேன். எங்கள் அபிஷேகப்பாக்கத்துப் பையன் ஒருவன் சடுகுடு ஆடுகையில், பாதம் மண்ணில் ஊன்றியிருக்க உடல் மட்டும் திரும்பிக் கீழே விழுந்தான். முழங்காலுக்குள் ஏதோ அறுந்தாற்போல் இருந்தது என்றான். மாலைக்குள் கால் வீங்கிவிட்டது. எக்ஸ்ரே படத்தில் முறிவு ஒன்றும் இல்லை. "எலும்பு முறியவில்லையே, இனி என்ன அச்சம்?" என்று நானே அவனைத் தேற்றினேன். வீக்கம் வடிந்ததும் அவன் மீண்டும் ஆடினான். முழங்கால் மீண்டும் மீண்டும் பிறழ்ந்தது. காவல்துறையில் சேர விரும்பியவன், ஓட்டத் தேர்வில் பாதி வழியில் உட்கார்ந்துவிட்டான். எலும்பு முறியவில்லை என்பதும், காயமே இல்லை என்பதும் ஒன்றல்ல என்பதை நான் காலங்கடந்தே கற்றேன்.

முழங்கால் எலும்பால் மட்டும் நிற்பதன்று. தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்புகளையும் நான்கு வலிய தசைநார்கள் பிணைக்கின்றன. பக்கத்திற்கு ஒன்றாக இரண்டு. மூட்டின் நடுவே பெருக்கற்குறிபோல் ஒன்றையொன்று குறுக்கிடுவன இரண்டு. அவ்விரண்டில் முன்னிருப்பது, கீழ்க்கால் முன்னோக்கி நழுவாமல் காக்கிறது. ஓடித் திரும்பும் விளையாட்டுகளில் அதுவே அடிக்கடி அறுகிறது. எலும்புகளுக்கிடையே பிறை வடிவான இரு குருத்தெலும்பு மெத்தைகளும் உள்ளன.

1895-இல் ராண்ட்ஜன் கண்ட எக்ஸ்ரே கதிரைச் சுண்ணாம்புச் சத்து மிகுந்த எலும்பு தடுக்கும். ஆகவே எலும்பு தெளிவாகத் தெரியும். தசைநாரோ அப்படத்தில் தனித்துத் தோன்றுவதில்லை. அதனைக் காட்டுவது எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படம். நம் உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கருக்களை வலிய காந்தம் ஒழுங்குபடுத்துகிறது. வானொலி அலைகள் அவற்றை அசைக்கின்றன. அவை திருப்பி அனுப்பும் குறிப்புகளைக் கணினி படமாக்குகிறது. என் குரலை உங்களிடம் கொண்டுவரும் அலைகளின் இனத்தைச் சேர்ந்தவையே அவையும்! 1973-இல் பால் லாட்டர்பர் இவ்வழியில் படம் எடுக்கலாம் என்று காட்டினார்; அவருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் 2003-இல் மருத்துவ நோபெல் பரிசு கிடைத்தது.

நல்ல தசைநார் அப்படத்தில் கரிய பட்டைபோல் தோன்றும். அறுந்திருந்தால் பட்டை தொடர்பற்றுப் போகும். தேங்கிய நீர் வெளிறித் தெரியும். அறுந்தது எது, முழுவதுமா பாதியா, மெத்தையும் கிழிந்துள்ளதா என்பவற்றை அறுவைக்கு முன்பே மருத்துவர் அறிகிறார். இரண்டையும் ஒரே முறையில் சீர்செய்யத் திட்டமிடுகிறார். ஆயினும் படம் மட்டுமே தீர்ப்பன்று. காலை மெல்ல இழுத்துப் பார்க்கும் மருத்துவரின் கையும் வேண்டும். சிலருக்கு உடற்பயிற்சியே போதுமானதாகும்.

மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு 2023 ஆகஸ்டில் பயிற்சியின்போது இடது முழங்காலில் காயம் பட்டது. படங்களும் பரிசோதனைகளும் முடிந்த பின்னரே அறுவையே வழி என்று மருத்துவர் கூறினர். மும்பையில் அறுவை நடந்தது. மறு ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் அவர் மீண்டும் களத்தில் நின்றார்.

விளையாட்டில் முழங்கால் பிறழ்ந்து, சில மணி நேரத்தில் வீங்கினால் ஆட்டத்தை நிறுத்துங்கள். எண்ணெய் தேய்த்து உருவாதீர்கள், மருத்துவரை நாடுங்கள். காந்தப் படம் எடுக்கும் அறைக்குள் இரும்புப் பொருள் ஆகாது. உடலுக்குள் கருவியோ உலோகமோ இருந்தால் முன்னரே சொல்லுங்கள்.

அன்று அந்தப் பையனிடம் நான் சொல்லத் தவறியதை இன்று உங்களிடம் சொல்லிவிட்டேன்.