உளியும் திரையும்

(அரும்பாவூரில் பெற்றோரும் மாணவரும் கூடிய அவையில் ஆற்றப்பெற்ற உரை)

  

பச்சைமலைச் சாரலில் அமைந்த அரும்பாவூர், மரத்தில் உயிர் காணும் ஊர். வாகையும் மாவும் வேம்பும் இவ்வூர்க் கலைஞர்தம் உளிபட்டுத் திருவுருவங்கள் ஆகின்றன. அரும்பாவூர் மரச்சிற்பத்திற்கு 2020ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. அத்தகைய ஊரில், உளி பிடிக்கும் தந்தையின் அருகே தலைகவிழ்ந்து அமர்ந்து, கைப்பேசித் திரையை விரலால் தள்ளிக்கொண்டிருக்கிறான் மகன். தந்தையின் கை ஒரு பொருளை ஆக்குகிறது. மகனின் விரல் ஒன்றையும் ஆக்கவில்லை. ஆயினும் அந்தியில் உள்ளஞ் சோர்ந்து, உறக்கமின்றித் தவிப்பவன் மகனே! இது ஏன்?

பழி முழுவதையும் பிள்ளைமேற் சுமத்துதல் அறமன்று. அக்கருவியை அவன் கையிற் கொடுத்தவர் யார்? 2020 மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பெற்றன. கீழ்வகுப்புப் பிள்ளைகள் 2021 நவம்பர் 1ஆம் நாளன்றே மீண்டும் பள்ளிப்படி ஏறினர். இடைப்பட்ட காலத்தில், பாடங் கேட்கக் கைப்பேசி வேண்டுமென்று கடன்பட்டு வாங்கித் தந்த பெற்றோர் பலர். பாடம் பள்ளிக்குத் திரும்பிற்று. கைப்பேசியோ கையிலேயே தங்கிவிட்டது.

அத்திரையின் சூழ்ச்சி யாது? 2009இல் முகநூல் விருப்பக்குறியைக் கொணர்ந்தது. பின்னர்ப் பிற குமுக ஊடகங்களும் அவ்வழியே சென்றன. ஒரு பெண்பிள்ளை தன் படத்தை இடுகிறாள். மணித்துளிக்கொரு முறை எடுத்துப் பார்க்கிறாள். தோழிக்கு நூறு விருப்பக்குறி, தனக்குப் பத்து! 'எனக்கு என்ன குறை?' என்னும் ஏக்கம் அங்கே முளைக்கிறது. நூலுக்குக் கடைசிப் பக்கம் உண்டு. கூத்துக்கு விடியல் உண்டு. தள்ளத் தள்ள வரும் திரைக்கோ முடிவே இல்லை. பார்க்கும் நேரம் கூடக்கூட நிறுவனத்தின் விளம்பர வருவாயும் கூடும். ஆதலின் முடிவில்லாமை தற்செயலன்று, வணிகம்!

நாளொன்றுக்கு மூன்று மணி நேரத்திற்குமேல் குமுக ஊடகத்தில் மூழ்கும் இளையோர்க்கு மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றின் இடர் இருமடங்கு என்று அமெரிக்கத் தலைமை மருத்துவர் விவேக் மூர்த்தி 2023இல் எச்சரித்தார். ஊடகம் ஒன்றே கரணியம் என்று அவர் அறுதியிடவில்லை. ஆயின் அது தீங்கற்றது எனக் கொள்ளச் சான்றில்லை என்றார். ஆத்திரேலிய நாடோ, பதினாறு அகவை நிரம்பாதோர் குமுக ஊடகக் கணக்கு வைத்தலை 2025 திசம்பர் 10 முதல் சட்டத்தால் தடுத்துள்ளது.

சட்டம் தெருவாயில் வரை வரும். அடுக்களைக்கும் படுக்கையறைக்கும் வீட்டாரே காவல். உணவு வேளையில் முதலிற் கீழே வைக்கப்பட வேண்டியது தந்தையின் கைப்பேசி, தாயின் கைப்பேசி. இரவில் வீட்டிலுள்ள கைப்பேசிகள் யாவும் கூடத்தில் உறங்குக. பிள்ளைகள் அறையில் உறங்குக. பறிப்பதும் உடைப்பதும் மருந்தாகா. பறிபோகும் என்றஞ்சும் பிள்ளை, இணையத்தில் எவனேனும் மிரட்டினாலும் வாய்திறவாது. 'ஏன் பார்த்தாய்?' என்று உறுக்காமல், 'எது உன்னை வருத்திற்று?' என்று கேட்கும் தாயிடமே மகள் மனந்திறப்பாள். உறக்கமும் உணவும் குன்றி, பிள்ளை தனிமையில் ஒடுங்கினால் 14416 என்னும் இலவச மனநல எண்ணை அழைத்தல் வேண்டும். அஃது இரவும் பகலும் இயங்குவது. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுவது இழுக்கன்று. உள்ளத்து நோய்க்கு நாடுவதும் இழுக்கன்று.

இளந்தோன்றல்களே! பட்டறையில் ஒரு நாழிகை அமர்ந்து பாருங்கள். சிற்பி தன் வேலை செம்மையுற்றதா என்பதைத் தன் கண்ணாலும் விரலாலும் தடவி அறிகிறார். எத்தனை பேர் விரும்பினர் என்று எண்ணி அறிவதில்லை. கண்ணைத் திறக்கும் உளியை அவர் விரைந்து தட்டுவதும் இல்லை. அந்தத் தன்மதிப்பும் பொறுமையும் இவ்வூர்ப் பிள்ளைகளுக்கு வழிவழி உரியவை. மரமோ, மண்ணோ, ஏரோ, எழுத்தோ, நாள்தோறும் கைக்கொரு வேலை கொள்க! பிறர் விரல் இடும் குறியில் இல்லை உங்கள் மதிப்பு. உங்கள் விரல் ஆக்கும் பொருளில் உள்ளது!