சாயத் தண்ணீரின் செலவை யார் கொடுப்பது?

(மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் பேசியது)



மில்லில் வேலை செய்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். காட்டு வேலைக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் இரு சாராரையும் ஒரு பனியன் துணி எப்படி மோதவிட்டது என்று சொல்கிறேன்.

திருப்பூரில் பருத்தித் துணிக்குச் சாயம் ஏற்றுகிறார்கள். சாயம் பிடிக்க உப்புப் போட வேண்டும். கொஞ்சநஞ்சமல்ல, மூட்டை மூட்டையாக. சாயம் துணியில் தங்கும், உப்புத் தங்காது. அது கழிவுத் தண்ணீரோடு வெளியே வந்துவிடும். பல வருஷங்கள் அந்தத் தண்ணீர் நொய்யல் ஆற்றில்தான் விழுந்தது. ஈரோடு, கரூர் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் என்று ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள். அதில் தேங்கியது என்ன? சாயக் கழிவு! கிணறு கெட்டது, மண்ணில் உப்புப் பூத்தது.

விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வரக்கூடாது என்று 2006-ல் சென்னை ஹைகோர்ட் சொன்னது. 2009-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. அப்படியும் ஆற்றில் சாயம் ஓடியது. 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகள் அத்தனையையும் மூடும்படி உத்தரவு வந்தது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள்! அங்கே வேலை செய்தவர்கள் தெருவில் நின்றார்கள். விவசாயி நம் வயிற்றில் அடித்தான் என்று இந்தப் பக்கம் பேச்சு. பனியன்காரன் ஆற்றைக் கொன்றான் என்று அந்தப் பக்கம் பேச்சு. மூன்றாவது ஆசாமியைப் பற்றி யாரும் பேசவில்லை.

வழி இல்லாமல் இல்லை. கழிவை வடிகட்டி நல்ல தண்ணீரை மீட்கலாம். மிஞ்சும் உப்பு நீரைக் காய்ச்சி, உப்பெடுத்து, மறுபடி சாயத்துக்கே போடலாம். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் அப்படிச் செய்கின்றன. ஆனால் மின்சாரமும் எரிபொருளும் ஏராளமாகச் செலவாகும். இந்தச் செலவு யார் தலையில்?

ஆர்டர் கொடுக்கும் வெளிநாட்டுக் கம்பெனிதான் அந்த மூன்றாவது ஆசாமி. ஒரு கையில் சுற்றுச்சூழல் விதிப் புத்தகம், மறு கையில் குறைத்த விலைப் பட்டியல். பசுமைத் துணி என்று சீட்டு வேறு ஒட்டுவான்! கட்டுப்படியாகவில்லை என்றால் வேறு நாட்டுக்குப் போகிறேன் என்பான். ஏற்றுமதிக்காரர் பட்டறைக்காரரின் கூலியைக் குறைப்பார். பட்டறைக்காரருக்கு மிஞ்சுவது இரண்டே வழி: ராத்திரியில் கழிவைத் திறந்துவிடுவது, இல்லாவிட்டால் தொழிலாளியின் சம்பளத்தைப் பிடிப்பது.

அவனைக் கட்ட முடியாதா? வங்காள தேசத்தைப் பாருங்கள். 2013 ஏப்ரல் 24-ல் ராணா பிளாசா கட்டிடம் இடிந்து 1,100-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதன் பிறகு தொழிற்சங்கங்கள் வெளிநாட்டுக் கம்பெனிகளையே சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வைத்தன. கட்டிடத்தைச் சரிசெய்யக் கட்டுப்படியாகும் விதத்தில் ஆர்டர் கொடுக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. இத்தனை சாவுக்குப் பிறகுதான் அது வந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

சாயத் தண்ணீருக்கும் அதைக் கேட்போம். ஆர்டர் விலையில் சுத்திகரிப்புச் செலவைத் தனியாக எழுது, அதில் பேரம் பேசாதே என்று பட்டறைத் தொழிலாளியும் கேட்க வேண்டும், கரூர்ப் பக்கத்து விவசாயக் கூலியும் கேட்க வேண்டும். இன்னொன்று: நஷ்ட ஈடு ஏக்கர் கணக்கில் பேசப்பட்டது. ஏக்கரே இல்லாமல், வேலை மட்டும் போனவர்களின் பெயரும் அந்தக் கணக்கில் ஏற வேண்டும்.