செயற்கைப் பூச்சி கட்டும் கைத்தொழில்: தொடங்குவோருக்குச் சில யோசனைகள்

(மலைக் கிராமக் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களின் கூட்டத்தில் கூட்டுறவு இலாகா இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)

  

வயல் வேலையும் தோட்ட வேலையும் ஓய்ந்திருக்கும் நாட்களில் வீட்டிலிருந்தபடியே செய்யத்தக்க சிறு கைத்தொழில் ஒன்றைப் பற்றிப் பேசுமாறு உங்கள் காரியதரிசி என்னைக் கேட்டுக்கொண்டார். தூண்டிலுக்குரிய செயற்கைப் பூச்சி கட்டுதல் என்னும் தொழிலை இன்று எடுத்துக்கொள்கிறேன். இது பெரிய முதலீடு வேண்டாத தொழில். ஆயினும் தொடங்கும்போதே பணத்தை வீணாக்குவதற்கு இதைப்போல் இடம் தரும் தொழில் வேறு சிலவே உண்டு. ஆகையால் எதை வாங்க வேண்டும் என்பதோடு, எதை வாங்கக் கூடாது என்பதையும் விவரமாகச் சொல்ல விரும்புகிறேன்.

செயற்கைப் பூச்சி என்றால் என்ன? ஓடைகளிலும் ஏரிகளிலும் வாழும் சில மீன்கள், நீரின்மேல் பறந்து விழும் ஈக்களையும், நீருக்குள் ஊர்ந்து திரியும் புழுப்பூச்சிகளையும் தின்று வளர்கின்றன. அவற்றின் சாயல் தோன்றும்படி, சிறு தூண்டில் முள்ளின்மேல் நூல், இறகு, உரோமம் முதலியவற்றைச் சுற்றிக் கட்டினால், மீன் அதை உண்மைப் பூச்சியென்று எண்ணிக் கவ்வும். நீரின்மேல் மிதக்கும்படி கட்டுவது ஒரு வகை; நீருக்குள் அமிழும்படி கட்டுவது மற்றொரு வகை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இறகைத் தெரிந்தெடுப்பது முழுவதும் இதைப் பொறுத்தே இருக்கிறது.

இவ்வித்தை மிகப் பழமையானது. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் ஈலியன் என்னும் ஆசிரியர், மாஸிடோனியா நாட்டு ஆறொன்றில் மீன் பிடிப்போர் தூண்டில் முள்ளைச் சுற்றிச் சிவந்த கம்பளி நூலைக் கட்டி, சேவலின் தாடைக்குக் கீழே வளரும் இறகுகள் இரண்டை அதன்மேல் பொருத்தினார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு முள், சிறிது கம்பளி, இரண்டு சேவல் இறகு: அவ்வளவே. இன்று கடைகளில் காணும் நூற்றுக்கணக்கான வர்ணப் பொட்டலங்கள் ஒன்றுமின்றி அவர்கள் மீன் பிடித்தார்கள் என்பதை நாம் மறக்கலாகாது.

இத்தொழிலுக்கும் நமக்கும் சம்பந்தம் என்ன என்று நீங்கள் கேட்கலாம். மேல்நாட்டுக் குளிர்ந்த நீரில் வாழும் டிரௌட் மீனை நீலகிரியில் குடியேற்ற டாக்டர் பிரான்சிஸ் டே என்பவர் 1860க்குப் பிந்திய சில ஆண்டுகளில் முயன்றும் கைகூடவில்லை. பின்னர் எச். சி. வில்ஸன் என்பவரின் முயற்சியால் 1907இல் அவலாஞ்சியில் மீன் குஞ்சு பொரிக்கும் நிலையம் ஏற்பட்டது, மீனும் நிலைத்தது. இந்த மீன் பூச்சித் தூண்டிலுக்குப் பேர்போனது. ஆனால் நம் மலை ஓடைகளில் தூண்டில் போடுவோரை மாத்திரம் நம்பி இத்தொழிலை நடத்த முடியாது. கென்யா, தாய்லாந்து, நமக்கு அடுத்துள்ள இலங்கை ஆகிய நாடுகளில் தொழிலாளர் பலர் இப்பூச்சிகளைக் கட்டி, மேல்நாட்டுச் சந்தைகளுக்கு அனுப்பி ஜீவனம் செய்கிறார்கள். இது முறையாகச் செய்தால் பலன் தரும் தொழில் என்பதற்கு அது ஒரு சான்று.

மற்றொரு சம்பந்தமும் உண்டு. இந்திய நாட்டுச் சேவலின் கழுத்துத் தோல், இறகுடன், 'இந்தியன் நெக்' என்ற பெயரால் நெடுநாளாக மேல்நாடுகளுக்குச் சென்றுவந்தது. அமெரிக்காவில் இறகுக்கென்றே தனியாக வளர்த்த உயர்ந்த ஜாதிச் சேவல்கள் சந்தையைப் பிடித்துக்கொள்வதற்கு முன், எளிய விலையில் இறகு வேண்டியவர்கள் இதையே நாடினார்கள். நம் கொல்லையில் திரியும் கோழியின் இறகுக்குக் கடல் கடந்த மதிப்பு இருந்தது என்பதை அறிந்தால், அதைக் குப்பையில் எறிய நமக்கு மனம் வராது.

இனிக் கருவிகளைப் பார்ப்போம். முள்ளை அசையாமல் பிடித்துக்கொள்ளும் சிறு வைஸ் ஒன்று முதலில் வேண்டும். முற்காலத்தில் அதுவுமின்றி விரல்களாலேயே பிடித்துக் கட்டினார்கள். பழகுகிறவர்களுக்கு அது கடினம். விலையுயர்ந்தது வேண்டாம், முள்ளின் வளைவை நழுவாமல் பற்றிக்கொண்டால் போதும். இரண்டாவது, முனை கூர்மையான சிறு கத்தரிக்கோல். அதை இத்தொழிலுக்கென்றே வைத்துக்கொண்டு வேறெதற்கும் உபயோகிக்காதீர்கள். மூன்றாவது, நூல்கண்டைத் தாங்கும் பிடி. அது தொங்கும் பாரத்தால் நூல் எப்பொழுதும் இறுக்கமாக நிற்கும். அது கிடைக்காவிடில், துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை நூலில் மாட்டித் தொங்கவிடலாம். இறகின் நுனியைப் பிடித்துச் சுற்றுவதற்கும் அதே போன்ற சிறு கிளிப் உதவும். கடைசி முடிச்சைப் போடத் தனிக் கருவி விற்கிறார்கள். மை தீர்ந்த பேனாவின் வெறுங்குழலே அந்த வேலையைச் செய்யும். ஆகவே பணம் கொடுத்து வாங்க வேண்டியவை வைஸும் கத்தரிக்கோலும் நூல்கண்டுப் பிடியுமே.

சாமான்கள் நான்கு: முள், நூல், உடலுக்குரிய இழை, இறகு.

முள்ளைப் பற்றி முதலில் அறிய வேண்டியது ஒன்று. அதன் இலக்கம் பெருகப் பெருக முள் சிறுத்துக்கொண்டே போகும். 10ஆம் இலக்க முள் பெரியது. 16ஆம் இலக்க முள் மிகச் சிறியது. புதிதாகப் பழகுவோர் 10 அல்லது 12ஆம் இலக்கத்தில், அமிழும் பூச்சிக்கென்று செய்த முள்ளை ஒரே அளவாக வாங்க வேண்டும். பல அளவில் சிறிது சிறிதாக வாங்குகிறவர் கை எந்த அளவிலும் படியாது.

நூல் மெல்லியதாகவும் வலுவுள்ளதாகவும் இருக்க வேண்டும். தையல் மெஷின் நூல் முதற் பழக்கத்துக்கு உதவும். ஆனால் சிறு முள்ளில் அது தடித்துப்போய்த் தலைப்பக்கம் பருத்துவிடும். இதற்கென்று விற்கும் கறுப்பு நூல் ஒரு கண்டு வாங்கினால் நூற்றுக்கணக்கான பூச்சிகளுக்குப் போதும். நூலில் சிறிது தேன்மெழுகு தடவினால் வழுக்காமல் நிற்கும். மெழுகுக்காக நீங்கள் கடைக்குப் போக வேண்டியதில்லை.

உடலுக்கு மயில் தோகையின் இழை மிகச் சிறந்தது. ஆட்டுக் கம்பளியும், வளர்ப்பு முயலின் உரோமமும் மெழுகிட்ட நூலில் முறுக்கிச் சுற்றத் தகுந்தவை.

இறகில்தான் புதியவர்கள் பெரும்பாலும் தவறுகிறார்கள். சேவலின் கழுத்திறகு விறைப்பும் பளபளப்பும் உடையது. நீரை எளிதில் ஏற்காது. ஆகையால் மிதக்கும் பூச்சிக்கு அதுவே உரியது. பெட்டைக் கோழியின் கழுத்திறகு மிருதுவானது, நீரை உறிஞ்சும், நீருக்குள் உயிருள்ள கால்களைப் போல அசையும். ஆகையால் அமிழும் பூச்சிக்கு அதையே கொள்ள வேண்டும். உயர்ந்த சேவலிறகைப் பெரும்பணம் கொடுத்து வாங்கி அமிழும் பூச்சியில் கட்டுவது, விதைநெல்லை எடுத்துச் சமைப்பதற்கு ஒப்பாகும்.

இப்பொழுது ஒரு பூச்சியைக் கட்டும் முறையைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் ஏரிகளில் மீன் பிடித்து, 1952இல் அதைப் பற்றி நூல் எழுதிய டி. சி. ஐவன்ஸ் என்பவரால் இது பிரசித்தமாயிற்று. கறுப்பு நூல், மயிலிழை, கறுப்புப் பெட்டைக் கோழியின் இறகு ஆகிய மூன்றே இதற்கு வேண்டும்.

முள்ளின் வளைவை வைஸில் மாட்டி, தண்டு மட்டமாக இருக்கும்படி இறுக்குங்கள். கயிறு கட்டும் துவாரத்தை, ஊசியில் சொல்வது போலக் காது என்போம். காதுக்குச் சற்றுப் பின்னால் நூலைத் தன்மேலேயே சுற்றிப் பிடிக்கவைத்து, நெருக்கமாகச் சுற்றிக்கொண்டே வளைவு தொடங்கும் இடம் வரை செல்லுங்கள். மயிலிழை மூன்றை எடுத்து, நொய்ந்த நுனியைக் கிள்ளிவிட்டு, அங்கே நுனிப்பக்கத்தைக் கட்டுங்கள். இழைகளை நூலுடன் சேர்த்து மெதுவாக முறுக்கிச் சுற்றினால், மீனின் பல் பட்டாலும் எளிதில் அறாது. தண்டில் ஐந்தில் ஒரு பங்கு காதுப்பக்கம் வெறுமையாக இருக்கும்போது நிறுத்திக் கட்டுங்கள். பின் இறகின் அடியிலுள்ள பஞ்சு போன்ற பகுதியை உரித்தெறிந்து, அடியைக் கட்டி, நுனியைக் கிளிப்பால் பிடித்து இரண்டு சுற்று மாத்திரம் சுற்றுங்கள். இறகின் மயிர், முள்ளின் முனைக்கும் தண்டுக்கும் உள்ள இடைவெளியைப் போல் ஒன்றரை மடங்கு நீளம் இருந்தால் போதும். மிச்சத்தை நறுக்கி, நூலால் சிறு தலை அமைத்து, முடிச்சிட்டு, நிறமற்ற நகப்பூச்சு ஒரு துளி வைத்து உலரவிடுங்கள். ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கும் இதற்கு ஏற்றதே. காதின் துவாரம் அடைபடாமல் ஊசியால் திறந்துவிட வேண்டும். கயிறு நுழையாத பூச்சி எவ்வளவு அழகாயிருந்தாலும் பயனில்லை.

இந்த ஒரே மாதிரியை ஒவ்வொருவரும் இரண்டு டஜன் கட்ட வேண்டும். வேறு மாதிரிக்குப் போக ஆசை எழும், அதை அடக்குங்கள். பிறகு இருபத்துநான்கையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். முதலாவதும் கடைசியும் ஒரே அளவில் இல்லாவிடில் இன்னும் பழக வேண்டும். இந்த வியாபாரத்தில் சரக்கு டஜன் கணக்கில் போகிறது. ஒன்று அழகாகவும் பதினொன்று கோணலாகவும் இருந்தால் டஜன் முழுவதும் திரும்பி வந்துவிடும்.

அடுத்து, சட்டத்தைப் பற்றியும் தர்மத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் காடுகளில் வாழும் சாம்பல் நிறக் காட்டுக்கோழியின் கழுத்திறகில் மெழுகு பூசினாற்போன்ற புள்ளிகள் உண்டு. மேல்நாட்டார் அதைப் பெரிய மீன்களுக்குரிய அலங்காரப் பூச்சிகளில் வைத்துக் கட்டினார்கள். அதற்காக அப்பறவை ஏராளமாகக் கொல்லப்பட்டது. இப்பொழுது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி அதைப் பிடிப்பதும் கொல்வதும் இறகை விற்பதும் குற்றமாகும். 1963 முதல் நம் தேசியப் பறவையாகிய மயிலுக்கும் தீங்கு செய்யலாகாது. தானாக உதிர்ந்த தோகையை மாத்திரம் உள்நாட்டில் உபயோகிக்கலாம். அதை வெளிநாட்டுக்கு அனுப்ப இடமில்லை. ஆகவே விற்பனைக்கென்று கட்டும்போது மயிலிழையை விட்டு, சாயமேற்றிய கம்பளியைக் கொள்வதே உத்தமம். அரிய இறகின் மேலுள்ள ஆசை மனிதனை எங்கே கொண்டுபோகும் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். 2009இல் இங்கிலாந்தில் டிரிங் என்னும் ஊரிலுள்ள பொருட்காட்சிச்சாலையில் ஓர் இளைஞன் புகுந்து, பாடம் செய்து வைத்திருந்த 299 பறவைத் தோல்களைத் திருடினான். பூச்சி கட்டுவோருக்கு இறகு விற்பதும் அவன் நோக்கம். மீனுக்கோ அரிய இறகும் கொல்லைக் கோழியின் இறகும் ஒன்றே. யாரேனும் காட்டுப்பறவையின் இறகுக்கு நல்ல விலை தருவதாகச் சொல்லி வந்தால், சங்கத்தின் வாசலிலேயே அவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

வீட்டுக் கோழியின் இறகைச் சேமிக்கும் முறை எளிது. சமையலுக்கு அறுக்கும்போது கழுத்திறகை வெந்நீரில் முக்குவதற்கு முன்பே பிடுங்கிக்கொள்ளுங்கள். மிதமான சோப்பு நீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி, நிறவாரியாகப் பிரித்து, அந்துருண்டையுடன் இறுக மூடிய டப்பாவில் வையுங்கள். ஈரமிருந்தால் பூசணம் பிடிக்கும். மூடாவிட்டால் அந்துப்பூச்சி அரித்துவிடும்.

கடைசியாக, இலாகா உத்தியோகஸ்தன் என்ற முறையில் சில யோசனைகள். இத்தொழிலைத் தொடங்க ஒருவரும் கடன் வாங்க வேண்டாம். சங்கமும் ஆரம்பத்தில் கொடுக்க வேண்டாம். பெருஞ் சாமான் பெட்டியைக் கடனுக்கு வாங்கி, ஆறு மாதத்தில் அலுத்துப் பரணில் போட்டுவிட்டு, வட்டி மாத்திரம் கட்டுவது அங்கத்தினருக்கும் சங்கத்துக்கும் நஷ்டம். ஊக்கமுள்ள ஐந்தாறு பேர் ஒன்றுசேர்ந்து, ஆளுக்குச் சிறு தொகை போட்டு, இரண்டு வைஸ் வாங்கிச் சங்கக் கட்டிடத்தில் வையுங்கள். முள்ளையும் நூலையும் மொத்தமாக வாங்கிப் பங்கிட்டுக்கொண்டால் விலை குறையும். யார் எவ்வளவு எடுத்தார், எத்தனை கட்டினார் என்பதற்கு ஒரு நோட்டுப் புஸ்தகம் இருக்கட்டும். சரக்கு ஒரே தரமாக அமைந்த பின், மாதிரியாக ஒரு டஜனை வியாபாரிகளுக்குக் காட்டி, எழுத்து மூலமான ஆர்டர் பெற்ற பிறகே பெருக்குவதைப் பற்றிப் பஞ்சாயத்தார் யோசிக்கலாம். தாமே மீன் பிடிக்க விரும்புகிறவர்கள் உரிய இலாகாவின் அனுமதி பெறாமல் ஓடையில் இறங்க வேண்டாம்.

சகோதர சகோதரிகளே! கையிலுள்ள திறமைக்குத் தக்கபடி சாமான் பெருக வேண்டுமே யல்லாமல், சாமானைப் பெருக்கினால் திறமை வந்துவிடும் என்று எண்ணலாகாது. ஒரு முள், ஒரு நூல், ஒரு கோழி இறகு, நாள்தோறும் அரை மணி நேரம்: இவற்றோடு தொடங்குங்கள். அடுத்த முறை நான் கணக்குப் பார்க்க வரும்போது பேரேட்டுடன் இரண்டு டஜன் பூச்சிகளையும் என் முன் வைப்பீர்கள் என்று நம்புகிறேன்.