நிலத்தடியில் எழும் கடகடப்பு



கல்வியின் பெருமையைப் பேச இம்மேடையில் அறிஞர் பலர் உளர். நாமோ புவியியல் பாடம் நடத்திப் பழகியவர்கள். ஆதலின் ஒரு புவியியல் வினாவையே எடுத்துக்கொள்கிறோம்.

நிலநடுக்கத்தில் மாடி வீடுதான் விழும், தாழ்ந்த வீட்டிற்கு அச்சமில்லை என்று நம்மிடையே ஓர் எண்ணம் உண்டு. அது முழு உண்மையன்று. நிலநடுக்கம் மெதுவான அலைகளையும் விரைந்த அலைகளையும் ஒருங்கே எழுப்புகிறது. மெதுவானவை உயர்ந்த கட்டடங்களை அசைப்பவை. 1985-இல் மெக்சிகோ நகரில் பல அடுக்குக் கட்டடங்கள் சாய்ந்தன. தாழ்ந்த வீடுகள் பல பிழைத்தன. நொடிக்குப் பத்து முறை அளவில் அதிரும் அலைகளோ ஒரு தளச் சுவரைத்தான் உலுக்கும். 1993 செப்டம்பர் 30 விடியற்காலையில் மராட்டியத்துக் கில்லாரிப் பகுதியில் ஏறத்தாழ 10,000 பேர் மாண்டது தாழ்ந்த வீடுகளில்தாம். சேறு வைத்து அடுக்கிய கனத்த கற்சுவர்களின் குற்றமும் அதில் பெரிது.

இவ்விரைந்த அலைகள் எங்கே பிறக்கின்றன? 1906-ஆம் ஆண்டின் சான் பிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தை ஆராய்ந்த ரீட் என்பார், பிளவின் இருபுறத்து நிலமும் வளைந்து இறுகி, பிடி விட்டதும் வில்லைப்போல் நிமிர்கிறது என்று 1910-இல் விளக்கினார். பெரிய அசைவுக்கு அது போதும். கடகடப்புக்கு? கரடுமுரடான பரப்பில் முறிவு தடைபட்டும் தாவியும் ஓடுவதே காரணம் என்பது நெடுநாள் விளக்கம்.

அமெரிக்காவின் பிரௌன் பல்கலைக்கழகத்து விக்டர் சாய், கிரெக் ஹிர்த் இருவரும் 2020-இல் வேறொன்று கூறினர். பிளவு கத்தியால் கீறிய கோடன்று. உடைந்த பாறைகள் செறிந்த பட்டை. நகர்வின்போது அப்பாறைகள் ஒன்றோடொன்று மோதுவதே விரைந்த அலைகளைத் தருகிறது என்றனர். கல் ஏற்றிய வண்டியை எண்ணிப் பாருங்கள். வண்டி ஆடுவது ஒன்று. உள்ளே கற்கள் முட்டிக் கடகடப்பது மற்றொன்று.

வகுப்பில் இதனைக் கூறியபோது, கல்லுடைக்கும் குடும்பத்து மாணவன் ஒருவன் எழுந்து, "ஒழுங்காக அடுக்கினால் ஓசை வராதே, ஐயா!" என்றான். நாம் திகைத்துப் போனோம். 2024-இல் அவ்வறிஞர்களும் பிறரும் கலிபோர்னியாவின் பிளவுகளை அளந்து கண்டதும் ஏறத்தாழ அதுவே. பிளவுகள் ஒரே திசையில் ஒழுங்காய் அமைந்த இடங்களில் நிலம் அரவமின்றி ஊர்கிறது; ஹாலிஸ்டர் என்னும் ஊரில் தெருவோரக் கல்வரிசைகள் சிறிது சிறிதாக வளைந்து கிடப்பதைக் காணலாம். கோணல்மாணலாய்ப் பின்னிய இடங்களிலோ நிலம் பூட்டிக்கொண்டு, பின் திடீரென விடுபடுகிறது.

மோதல் கருத்து இன்னும் முடிந்த முடிபன்று. அது நிலைபெறுமாயின், ஒரு தள வீடு எவ்வளவு உலுக்கப்படும் என்று கணிப்பதற்குப் பிளவு எத்தனை அடி நகரும் என்பது மட்டும் போதாது. உள்ளே பாறைகள் எவ்வளவு கோணலாய்க் கிடக்கின்றன என்பதையும் அளந்தாக வேண்டும்.